கிடங்குச் சாவி

நீலத் தார்ப்பாயின் மேல் மல்லாந்து கிடந்தேன். கண்ணை மூடியிருந்தேன். கையும் காலும் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தன. தார்ப்பாயின் புது பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியது. மேடைக்குக் கீழே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது. மேடையில் மட்டும் எல்லாம் ஒத்திகையில் நடந்தபடியே நடந்தன.

அப்போது ஒரு செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

அந்தச் செருப்பை எந்தக் கூட்டத்திலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். இடது கால் வார் அறுந்து ஆணி அடித்திருந்ததால் ஒரு காலுக்கு ‘டக்’ என்றும் மறு காலுக்கு ‘சர்ர்’ என்றும் கேட்கும். எங்கள் அப்பா ஏழுமலையின் செருப்பு அது. ஓடி வருகிறவர் கையில் என்ன இருக்கும் என்பதும் கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரியும்.

எழுந்து உட்கார்ந்து, நடிப்புதான்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குச் சாவியின் கதையை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஒரு சாண் இரும்பு

போன வாரம் இந்தப் பத்தியில் எங்கள் தெருக் குழாயடிச் சண்டையை எழுதியதைப் படித்துவிட்டு அண்ணன் போன் பண்ணினான். என்னை என்ன வேண்டுமானாலும் எழுது, அப்பாவை மட்டும் இழுத்துவிடாதே என்றான். மன்னிக்கணும் அண்ணா, இந்த வாரம் முழுக்க அப்பாதான். அவரும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு இதைப் படிக்கத்தான் போகிறார்.

எங்கள் வீடு முதலியார்பேட்டையில். அப்பா ஒரு பஞ்சாலையில் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பூட்டு ஒன்று துருப்பிடித்து உடைந்தபோது, பூட்டை ஆலையில் எறிந்துவிட்டார்கள். சாவியை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு சாண் நீளம், கட்டைவிரல் தடிமன், தலையில் வளையம். பூட்டு இல்லாத சாவி எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, இருக்கட்டும் என்றாராம். எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி அப்படி ‘இருக்கட்டும்’ என்று வந்து சேர்ந்தவைதான்.

அந்தச் சாவிக்கு வேலை வந்தது நான் நாலாவது படிக்கும்போது. ஒரு விடியற்காலையில், பாயில் படுத்திருந்தபடியே எனக்கு வலிப்பு வந்தது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். அக்கம்பக்கம் ஓடிவந்து இரும்பு, இரும்பு என்று கத்த, அப்பா அந்தச் சாவியை என் கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நின்றது. தானாகத்தான் நின்றிருக்கும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விட்டது.

பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் வருவது நன்றாகக் குறைந்தது. அதற்கும் சாவிதான் பெயர் வாங்கியது. பதினொன்றாம் வகுப்பு வருவதற்குள் மொத்தம் ஏழு தடவை வந்திருந்தது. ஏழும் விடியற்காலையில், தூக்கம் கலையும் நேரத்தில். ஏழு தடவையும் அப்பாதான் சாவியோடு பக்கத்தில் இருந்தார். ஆகவே பள்ளிக்கூடத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. தெரியவே கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். பெண்பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று ஒன்று இருக்கிறதே.

ஆனால் அப்பாவின் சட்டப்படி சாவி தினமும் என்னோடு பள்ளிக்கூடம் வந்தது. புத்தகப் பையின் பக்கவாட்டு ஜிப்பில் கிடக்கும். பையை பெஞ்சில் வைத்தால் ‘ணங்’ என்று சத்தம் வரும். பகலில் தெருவில் வேறு யாருக்காவது வலிப்பு வந்து கேட்டால் கொடுப்பதற்கென்று அப்பா ஒரு பழைய ஸ்பேனரை ஒதுக்கி வைத்திருந்தார். அது இரண்டாம் தரம். அதைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை இருக்காது.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காருபவள் கோகிலா. தேங்காய்த்திட்டுக்காரி. அவள் அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுபவர், அந்தக் குரல் குறையாமல் மகளுக்கு வந்திருந்தது. ஒருநாள் அவள் ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு என்னடி இது என்றாள். வீட்டுச் சாவி என்று சொல்லிவைத்தேன். சாவியே இந்தப் பருமன் என்றால் கதவு என்ன உயரம் இருக்கும் என்று அவளாகவே கணக்குப் போட்டு, கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் எங்களுக்கு ஒரு மாளிகை இருப்பதாக முடிவு கட்டிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. இரண்டு வருஷம் என்னை அவள் மரியாதையாக நடத்தினாள். மாளிகைக்காரி வீட்டில் நல்ல மீன் வாங்கத் தெரியாது என்று, தன் டிபன் பாக்ஸிலிருந்து வஞ்சிரம் வறுவலில் பெரிய துண்டை எனக்கு வைப்பாள். இதற்கு ஒரே விலை, அவளை நான் வீட்டுக்குக் கூப்பிடவே முடியாது. அப்பாவை அவள் பார்த்ததே இல்லை.

அப்பாவின் கேள்வி

எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கோயம்புத்தூர் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க வேண்டும். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கு வேறு என்ன ஆசை வரும். அப்பாவிடம் சொன்னபோது முதல் மூன்று நாள் அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அங்க யாரும்மா சாவி குடுப்பா?”

சாவியைக் கையோடு எடுத்துப்போகிறேன் என்றேன். சாவி போனால் போதுமா, குடுக்க ஆள் வேண்டாமா என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. உள்ளூரில் ஒரு காலேஜ், சாயங்காலம் வீடு, விடியற்காலையில் பக்கத்தில் அப்பா என்று என் மிச்ச வாழ்க்கை அந்தச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் தீர்மானமானது. நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு விஷயம்.

முசியே

மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மூன்று நாள் அவசர மருத்துவப் பயிற்சி முகாம் என்று சுற்றறிக்கை வந்ததும் நானும் கோகிலாவும் பெயர் கொடுத்தோம். உயிரைக் காக்கும் உன்னத நோக்கம் எல்லாம் இல்லை. மூன்று நாள் கெமிஸ்ட்ரி கிடையாது, மதியம் சாப்பாடு உண்டு.

முகாம் டவுனில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. பாடம் எடுத்தவர் சிவபாலன் என்ற ஹவுஸ் சர்ஜன். எங்களைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். பெண்கள் பக்கம் பார்த்தால் காது சிவந்துவிடும். பாடத்தில் இறங்கிவிட்டால் மட்டும் சிவப்பு வடிந்து, வேறு ஆள் மாதிரி ஆகிவிடுவார்.

நெஞ்சை அழுத்திப் பழகுவதற்கு இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மை இருந்தது. அதற்கு முசியே, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்று பெயர் வைத்தவன் எங்கள் குழுவில் இருந்த அந்துவான். வேறு பள்ளிப் பையன், சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுச் சிப்பாய் வம்சம், அப்பா பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். அவர் வாங்கி அனுப்பிய பெரிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, மணி கேட்காதவர்களுக்கும் மணி சொல்வான். முப்பது முறை அழுத்தும்போது சத்தமாக எண்ண வேண்டும். அவனுக்கு வேகமாக எண்ண பிரெஞ்சில்தான் வரும். அன், தெ, த்ருவா என்று ஆரம்பித்தான். இவன் பிரெஞ்சில் எண்ணினால் நம்ம ஊர் ஆள் எப்படிப் பிழைப்பான் என்று கோகிலா சண்டைக்குப் போனாள். மறுநாளே அவளும் பிரெஞ்சில் எண்ணினாள், ஆனால் ஏலம் விடுகிற ராகத்தில். முசியே யார் பேருக்கோ ஏலத்தில் போய்விட்டது போல் இருக்கும் கேட்பதற்கு.

இரண்டாம் நாள் காலை டாக்டர் எங்களைப் பார்த்து, ஒருவருக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஹாலே ஒரே குரலில் பதில் சொன்னது.

“சாவி குடுக்கணும் சார்.”

அவர் சிரிக்கவில்லை. சாவி வேண்டாம், இரும்பே வேண்டாம் என்றார். வாயில் எதையும் வைக்காதே, தண்ணீர் ஊற்றாதே, கை காலை அழுத்திப் பிடிக்காதே. தலைக்கடியில் மெத்தென்று எதையாவது வை, பக்கத்தில் இடிபடுகிற பொருளை நகர்த்து, ஒருக்களித்துப் படுக்க வை, நேரத்தைப் பார். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. பெரும்பாலும் அதற்குள் தானாக நின்றுவிடும் என்றார்.

சாவி என் காலடியில் பையில் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். தானாக நிற்கிற ஒன்றை நிறுத்துவதற்காக எங்கள் அப்பா இத்தனை வருஷமாக வேட்டி அவிழ ஓடி வந்திருக்கிறார், அவருக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபம். அந்த டாக்டர் மேலும் வந்தது. அவர் என்ன செய்வார் பாவம், அப்போதுதான் படித்து முடித்திருந்தார்.

டாக்டர் தரையில் விழுந்தார்

மூன்றாம் நாள் பெற்றோர் முன்னிலையில் செயல்விளக்கம். எந்தக் குழு எதைச் செய்வது என்று இரண்டாம் நாள் மதியமே சீட்டுக் குலுக்கினார்கள். ஒரு குழுவுக்குப் பாம்புக்கடி வந்தது, ரப்பர் பாம்போடு. எங்களுக்கு வலிப்பு.

நோயாளியாக நடிக்க எங்கள் குழுவில் யாரும் முன்வரவில்லை. நடித்தால் நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி பயந்தாள். நான் நடிக்கிறேன் என்று எழுந்தேன். எழுந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஹாலில் வலிப்பு எப்படி இருக்கும் என்று பார்த்தே இராத ஆள் நான்தான். ஏழு தடவை வந்திருக்கிறது, ஒரு தடவைகூட நான் அங்கே இல்லை.

தெரிந்த வரைக்கும் கையைக் காலை ஆட்டிப் பார்த்தேன். கோகிலா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். “வலையில மாட்டுன கெளுத்தி கூட இத விட ஒழுங்கா துள்ளும்டி” என்றாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அந்துவானிடம் கொடுத்தார். டக் இன் செய்த சட்டையோடு தரையில் படுத்தார். முதலில் உடம்பு முழுக்க விறைத்தது. கழுத்து பின்னால் வளைந்தது. பிறகு தோள், கை, கால் என்று ஒரே தாளத்தில் வெட்டத் தொடங்கியது. கண் மேலே சொருகிக்கொண்டது. ஒரு நிமிஷம் அப்படியே செய்தார். பிறகு எழுந்து, காது சிவக்க, பேண்ட்டில் இருந்த தூசியைத் தட்டினார். யாரும் சிரிக்கவில்லை.

இதைத்தான் அப்பா ஏழு விடியற்காலைகளில் பார்த்திருக்கிறார். இதைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏழு மணி ஷிப்டுக்குப் போயிருக்கிறார். அது வரை அவர் என்னை வெளியூருக்கு அனுப்ப மறுப்பதைப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அது பயம் என்று தெரிந்தது.

ஒத்திகை முடிந்து டாக்டர் இன்னொன்றும் சொன்னார். செயல்விளக்கத்தின்போது கூட்டத்திலிருந்து அவர்கள் ஆள் ஒருவர் பொதுமக்களில் ஒருவரைப்போல் சாவியோடு ஓடி வருவார், யார் என்று இப்போது சொல்லமாட்டேன், அவரைச் சமாளிக்க வேண்டும் என்றார். “தள்ளிவிட்டீங்கன்னா மல்லுக்கு நிப்பாங்க. பயத்துல வர்றவங்க அவங்க. கையில ஏதாச்சும் ஒரு வேலையைக் குடுத்துடுங்க, அடங்கிடுவாங்க.” கோகிலா இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதிக்கொண்டதை நான் பார்த்த ஒரே பாடம் அது.

அன்று சாயங்காலம் அப்பா, நாளைக்கு உனக்கு என்ன வேஷம் என்று கேட்டார். வலிப்பு என்று சொன்னால் முகாமுக்கே அனுப்பமாட்டார். கால் ஒடிந்த கேஸ் என்று சொல்லிவிட்டேன்.

மேடையில் இரண்டு சாவி

இப்போது தார்ப்பாய்க்குத் திரும்பலாம். பள்ளியில் காலை வழிபாட்டு வரிசை, வெயிலில் ஒரு மாணவி விழுகிறாள் என்பது காட்சி. விழுந்தேன். என் பை அப்பாவின் மடியில் இருந்தது. கால் ஒடியப்போகும் மகளைப் பார்க்க முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், மகள் விறைத்து விழுவதைப் பார்த்தார். ஜிப்பை இழுத்துச் சாவியை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறிவிட்டார்.

கோகிலா அதற்குள் தன் துப்பட்டாவை மடித்து என் தலைக்கடியில் வைத்திருந்தாள். டாக்டர் சொன்ன ஆள் இவர்தான் என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. கண்ணெல்லாம் என் மேல் இருந்ததால் சாவியையும் அவள் அடையாளம் காணவில்லை.

“தள்ளும்மா, எம்பொண்ணு அது. இத குடுத்தா நின்னுடும்” என்றார் அப்பா. குரல் உடைந்திருந்தது.

“உங்க பொண்ணுதாண்ணே, யாரு இல்லேன்னது.” கோகிலா எழுந்திருக்கக்கூட இல்லை. “சாவிய நீங்களே ரெண்டு கையாலயும் கெட்டியா புடிச்சிக்கினு இங்கயே நில்லுங்க. ஒருத்தரும் கிட்ட வராம பாத்துக்குங்க. அதான் உங்க வேல.”

ஆலையில் மேஸ்திரி சொல்லியே நிற்காத ஆள் எங்கள் அப்பா. நின்றுவிட்டார்.

நாற்பது செகண்ட் என்றான் அந்துவான். என்னை ஒருக்களித்துத் திருப்பினார்கள். இமையை ஒரு கீற்று திறந்தேன். முதலில் அந்த ஆணி அடித்த செருப்பு தெரிந்தது. பிறகு கைகள். இரண்டு கையாலும் சாவியைப் பிடித்திருந்தார்.

அப்போது நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருந்தால் அவர் என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்திருப்பார். ஆனால் கோயம்புத்தூரில் யார் குடுப்பா என்ற கேள்வி அப்படியே சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். அவர் இல்லாமல் வேறு நாலு பேராலும் என்னைப் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை ஒரே ஒரு தடவை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கொடுமைதான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உறுத்தும்.

ஒரு நிமிஷம் ஆனபோது டாக்டர் ஏற்பாடு செய்த நிஜமான ஆள் மேடையின் மறுபக்கத்திலிருந்து வந்தார். ஆஸ்பத்திரி ஊழியர், லுங்கி கட்டிக்கொண்டு ஒரு கையில் சோடா பாட்டிலும் மறு கையில் சாவிக்கொத்துமாக, ஐயையோ என்று கத்தியபடி. அவர் இரண்டடி வைப்பதற்குள் அப்பா குறுக்கே போய் நின்றார்.

“ஏய், தள்ளி நில்லு. புள்ளைக்குக் காத்து வர வேணாமா?”

ஒரு சாவிக்காரரை இன்னொரு சாவிக்காரர் மறித்ததைப் பார்த்துக் கூட்டம் கை தட்டியது. ஊழியருக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வேஷத்தை யாரோ பிடுங்கிக்கொண்டார்கள் என்று சோடா பாட்டிலோடு அங்கேயே நின்றார். அப்பா அவரை ஒரு அடி நகர விடவில்லை.

இரண்டு நிமிஷம் என்றான் அந்துவான். நான் வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஓய்ந்தேன். கோகிலா குனிந்து, என் நெற்றி மயிரை ஒதுக்கி, அவளுக்கு இப்படி ஒரு சின்னக் குரல் இருப்பதே எனக்குத் தெரியாத ஒரு குரலில், முடிஞ்சிதுடி, நாங்க இருக்கோம் என்றாள். அது எழுதிக் கொடுத்த வசனம்தான். ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா மேடை விளிம்பில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மைக்

சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, மாணவர்களைப் பாராட்டிவிட்டு, பொதுமக்களாக வந்த இருவரில் முதலில் வந்தவரின் நடிப்பு அபாரம், அவர் இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார். யாரோ அப்பாவின் கையில் மைக்கைத் திணித்தார்கள்.

“நான் நடிக்கல சார்” என்றார் அப்பா. “இது நடிப்புன்னே இப்பதான் தெரியுது. எம்பொண்ணுக்கு நெசமாவே வரும்.”

முன்வரிசையில் இருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அவர் இத்தனை வருஷம் கட்டிக்காத்த சட்டத்தை அப்பா ஒலிபெருக்கியில் உடைத்துவிட்டார். நான் தார்ப்பாயில் உட்கார்ந்தபடி கோகிலாவை மட்டும் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இது வூட்டுச் சாவி இல்லையா?” என்றாள். மைக் அதையும் வாங்கிக்கொண்டது.

இல்லை என்று தலையை ஆட்டினேன். மாளிகை என்றாள். முதலியார்பேட்டையில் இரண்டு ரூம் என்றேன்.

“ரெண்டு வருசமா வஞ்சிரம் துன்னியேடி, பாவி.”

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஹாலே சிரித்தது. அம்மாகூட முந்தானைக்குள் சிரித்தார். எனக்கு வலிப்பு வரும் என்பதைவிட மாளிகை இல்லை என்பதுதான் கோகிலாவுக்குப் பெரிய அடி. ஒரு வாரம் டிபன் பாக்ஸைத் திருப்பி வைத்துச் சாப்பிட்டாள். எட்டாம் நாள் ஒரு துண்டு வந்தது. சின்னத் துண்டுதான்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு பாம்புக்கடிக் குழுவுக்குப் போனது. பாம்பு நன்றாக இருந்ததாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது. அது நடிப்பு, அதுக்கு சாவி வேணாம், நெசமா வந்தா வேணும் என்றார் அப்பா. வண்டி போய்க் கேட் திறந்தது. தெருமுனை வந்ததும் நின்றார்.

“கோயம்புத்தூர்ல அந்த மீன்காரப் பொண்ணு மாதிரி யாராச்சும் இருப்பாங்களா?”

“இல்லேன்னா நான் சொல்லிக் குடுப்பேன்ப்பா.”

என்னையே ஓரங்கட்டிட்டாளே அந்தப் பொண்ணு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நடந்தார். அதில் வருத்தம் கொஞ்சம்தான் இருந்தது, மெச்சல்தான் அதிகம். அன்று சாயங்காலம் என் பையிலிருந்து சாவியை எடுத்து வாசற்கதவுப் பக்கம் ஆணியில் மாட்டினார். அதன் பிறகு என் பை ‘ணங்’ என்று சத்தம் போடவே இல்லை.

சொந்தக்காரர் கையில்

சில மாதம் கழித்து எங்கள் தெருவில் ஒருவருக்கு வலிப்பு வந்து, அவர் தம்பி சாவி கேட்டு ஓடி வந்தார். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போனார். பழக்கதோஷத்தில் திணிக்கப்போகிறார் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். அப்பா சாவியை அந்தத் தம்பியின் கையில் கொடுத்தார். இதை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நில், ஒருத்தரையும் உள்ளே விடாதே என்றார். பிறகு உள்ளே போய், விழுந்து கிடந்தவரை ஒருக்களித்துத் திருப்பிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதிலிருந்து சாவியின் புகழ் இன்னும் ஏறிவிட்டது. ஏழுமலை வீட்டுச் சாவியை நோயாளி கையில் கூட வைக்க வேண்டாம், சொந்தக்காரர் கையில் இருந்தாலே நின்றுவிடும் என்று தெரு பேசிக்கொண்டது. அப்பா திருத்தவில்லை. ரொம்பக் கத்துகிற ஆள் யாரோ, அவருக்குத்தான் சாவி என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. முதல்முறை கொண்டுபோய் விட வீடே கிளம்பி வந்தது. ஹாஸ்டல் வாசலில் என் ரூம்மேட்டை நிறுத்திவைத்து, ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் ஒன்றும் வைக்காதே, நேரத்தைப் பார் என்று அப்பாவே சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார். மூன்றாம் வருஷம் ஒரே ஒரு தடவை வந்தது. கண்விழித்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ‘1 நிமிஷம் 50 செகண்ட்’ என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டு. அதைப் போனில் சொன்னபோது அப்பா அந்தப் பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி, அவளோடு என்னைவிட அதிக நேரம் பேசினார்.

நான் சொல்ல நினைத்தது அதற்கு முந்திய ஒரு காலையை. முதல் வருஷம் தீபாவளி லீவு முடிந்து, முதல் தடவையாகத் தனியாகத் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் வந்தார்கள். அம்மா முறுக்கு டப்பா கொடுத்தார். கோகிலா கருவாட்டுப் பொட்டலம் கொடுத்தாள், கண்டக்டர் மூக்கைச் சுளித்ததற்கு அவரோடு சண்டையும் போட்டாள். அப்பா ஜன்னலுக்குக் கீழே நின்று, மாத்திரை எடுத்தியா என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் எடுத்தேன் என்றேன்.

பஸ் நகர்ந்தது. அம்மா கை ஆட்டினார். கோகிலா இரண்டு கையையும் ஆட்டினாள். அப்பா மட்டும் ஆட்டவில்லை. திரும்பிப் பார்த்தேன். ஆணியிலிருந்து எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை, அந்தச் சாவியை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.